முதலெழுத்து

வக்கீல் அமலோற்பவம் கேட்டது ஒரே கேள்விதான்:
"அப்பாதான் என்பதற்கு
என்ன வைத்திருக்கிறீர்கள்?"

கே.கே. நகர் மாடியறையில்
அவருடைய ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
வடிகுழாயில் அடைப்பு, ஊதினால் போதும்.
அன்றைக்கு எனக்குத் தெரிந்த பதில்
அது ஒன்றுதான்.

வில்லாபுரம் வீட்டில்
கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தோம்
ரேணுகாவும் நானும்.
நான்கு வருஷத்துப் பள்ளிக்கூட ரேங்க் கார்டு.
பெற்றோர் கையெழுத்து என்ற கட்டத்துக்குள்
முதல் வருஷம் பாண்டீஸ்வரன் என்று முழுதாக,
கோடு தாண்டாமல், பயந்து பயந்து.
போகப் போக வெறும் கிறுக்கல்.
டெங்குவில் ஐந்து நாள் படுத்ததற்கு
டிஸ்சார்ஜ் தாள்.
உடனிருந்தவர்: தகப்பனார்.
நர்ஸ் எழுதியது. நான் சொல்லவில்லை.
மறுக்கவும் இல்லை.

இது செல்லும் என்றார் வக்கீல்.

செல்லாதது:
பரீட்சைக்கு முந்தின ராத்திரி
தூக்கத்தில் அவள் பல் கடிக்கும் சத்தம்.
என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல்
அம்மாவிடம் கடன் வாங்கி
'ஏங்க' என்றே அவள் கூப்பிட்டது.
இப்பவும் அவசரத்தில் அதுதான் வருகிறது.
அதற்கெல்லாம் யார் ரசீது போட்டார்கள்.

"பெற்றவரோட சம்மதம் வேணும்.
நோட்டரி முன்னாடி. அது இல்லாம
ஒரு அடி நகராது."

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
பாலகுரு வந்தார்.
சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்,
வாய்க்குள் பத்து வரி ஒத்திகை பார்த்து.
அவர் படித்தார், தாள் தாளாக
விரலை எச்சில் தொட்டு.
'இனி எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன்'
என்ற வரியில்
விரல் நின்றது.
டீயில் ஆடை படிந்தது.

"கால் முதல்ல வந்துச்சு, தெரியுமா?
பெரியாஸ்பத்திரி வராண்டாவுல
விடிய விடிய நின்னேன்.
செருப்பு எங்க போச்சுன்னே தெரியல."

என் ஃபைலில் அந்த ராத்திரி இல்லை.
நூற்றுப் பதினாறு பக்கத்தில்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

கையெழுத்துப் போட்டார்.
டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.
நான் தடுக்கவில்லை.
செக்கானூரணி தாண்டும்வரை
அந்தத் தாளை மடிக்காமல்
இரண்டு கையிலும் பிடித்திருந்தேன்
ஈயச் சட்டியில் எண்ணெய் கொண்டுபோகிறவன் மாதிரி.

அப்புறம் இனிஷியல்.
வக்கீல் சிரித்துவிட்டார்.
அவரும் பா, நானும் பா.
"தமிழ்ல மாத்த ஒண்ணுமே இல்லையே!"
இங்கிலீஷில்தான் வம்பு.
பாலகுருவுக்கு இரண்டு தொப்பை எழுத்து.
எனக்கு ஒற்றைத் தொப்பை,
அதுவும் மேலே.

நிறைமதிக்கு ஒன்பது வயது.
ஐந்து தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டுமாம்.
அதிகாரி தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்.
நாம் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.
சொல்லிக்கொடுக்கவில்லை.
ரேணுகா மட்டும்
கழுவின பாத்திரத்தையே
மூன்று தரம் கழுவினாள்.

நேற்று ராத்திரி
கணக்கு நோட்டு லேபிளோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் பிள்ளை.
நாக்கு நுனி வெளியே.
இரண்டு தொப்பையில்
கீழ்த்தொப்பையை மட்டும் ரப்பரால் தேய்த்து.

"ஏங்க, இங்க பாருங்க.
புதுசா எழுதவே வேண்டாம்,
பாதி அழிச்சாப் போதும்."

ஊதித் துகளைத் தள்ளினாள்.
லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
அழித்த வளைவு தெரிந்தது.
பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை.

"இன்னும் தேய்க்கவா?"

பேப்பர் கிழிஞ்சிரும்,
விடு என்றேன்.